பன்னிரண்டு நீலப் பலகைகள்

நீலமா, கறுப்பா என்று கேட்டுக்கொண்டு கடைப்படி ஏறுகிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோலார் பலகை வாங்க வருகிறவன் கிணறு எத்தனை அடி ஆழம், மோட்டார் எவ்வளவு இழுக்கும், நாளைக்கு எத்தனை தொட்டித் தண்ணீர் வேண்டும் என்றல்லவா சொல்ல வேண்டும். எங்கள் அரபு மலைநாட்டு உதைன் சந்தையில் அப்படி ஒருத்தனும் வந்ததில்லை. இரண்டு ஒயரையும் உரசிப் பொறி பார்ப்பான். முலாம்பழம் வாங்குகிற மாதிரி கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பான். கடைசியில் கறுப்பே கொடுங்கள், கறுப்புதான் வெயிலை இழுக்குமாம் என்பான். கறுப்பு ஆடும்தான் வெயிலை இழுக்கும், அதன் வாலில் மோட்டாரை மாட்டிக்கொள் என்று சொல்லிவிடுவேன். அதனால் என் வியாபாரம் எப்போதும் கொஞ்சம் மந்தம்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பலகையில் மூன்று சாதி. கறுப்பு என்பது ஒரே படிகமாக வளர்த்துச் சில்லு சில்லாக அறுத்தது. சில்லுகளின் மூலை நறுக்கியிருக்கும். கொஞ்ச இடத்தில் நிறைய மின்சாரம் தரும், விலையும் அதற்கேற்ப. நீலம், உருக்கி வார்த்து அறுத்தது. உற்றுப் பார்த்தால் உடைத்த கற்கண்டு மாதிரி உள்ளே துண்டு துண்டாக மினுங்கும். அதே மின்சாரத்துக்குச் சற்றுக் கூடுதல் இடம் பிடிக்கும், கடும் சூட்டில் கறுப்பைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சோர்ந்துபோகும், ஆனால் விலை குறைவு. மூன்றாவது, கண்ணாடிமேல் மெல்லிசாகப் பூசியது. கோடு, கட்டம் எதுவும் இருக்காது. சூட்டையும் மேகத்தையும் மற்ற இரண்டைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் கறுப்புக்கு ஒரு பங்கு இடம் என்றால் இதற்கு இரண்டு பங்கு வேண்டும். சுற்றிலும் சட்டம் கிடையாது, மலைப்பாதையில் கொண்டுபோவதற்குள் ஓரம் தெறித்துவிடும். இடம் நிறைய இருந்து கை இறுக்கமாக இருந்தால் நீலம், இடம் இல்லாவிட்டால் கறுப்பு. இருபது வருடமாக இதைத்தான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முக்பிலுக்கும் அதைத்தான் சொன்னேன். போன ரமலான் முடிந்த கையோடு வந்தான். ராஹித் ஊர்க்காரன், பதினோரு வருடம் எல்லைக்கு அப்பால் தபூக்கில் ஒரு பெரிய பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பியிருந்தான். இரண்டு வருடம் என்று சொல்லிப் போனவன், பதினோரு வருடம் ஆக்கிவிட்டான். நடுவில் மூன்று முறை வந்து போனதுதான் குடும்பம். அவன் மனைவி தகிய்யா வீட்டையும் காப்பி மரங்களையும் தனியாளாகக் கட்டிக் காத்ததோடு, மூன்று அடுக்கு தரிசைத் திருத்திப் புதிதாக நூற்று நாற்பது காப்பிக் கன்று வைத்திருந்தாள். அதற்குத் தண்ணீர் இறைக்கத்தான் பலகை.

அவனும் கறுப்புதான் கேட்டான். வயல் ஓரத்தில் இடம் தாராளமாக இருக்கும்போது எதற்கு வீண் செலவு என்று பேசி, பன்னிரண்டு நீலப் பலகையை அவன் தலையில் கட்டியவன் நான். பொருத்துவதற்கு ஆள் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் என்று சிரித்தான். தபூக்கில் நாற்பது கிணற்றுக்குப் பலகை பொருத்தியது அவன் கைதானாம். சரி, தொழில் தெரிந்தவன் என்று விட்டுவிட்டேன்.

கோடை முழுக்க ராஹித்தில் தண்ணீர் வழிந்தது. மேல் தொட்டி நிரம்பிப் பக்கத்து வயல்காரனுக்கும் கொஞ்சம் போயிற்று. சந்தைக்கு வரும்போதெல்லாம் முக்பில் கடையில் எட்டிப் பார்ப்பான். ஒருநாள் வீட்டில் சுட்ட ரொட்டியில் தேன் ஊற்றி, துணியில் கட்டிக்கொண்டு வந்தான். தகிய்யா கொடுத்தனுப்பியதாம். அந்த ரொட்டியைக் காட்டியே நான் இன்னும் நான்கு பேருக்கு நீலம் விற்றேன்.

டிசம்பர் மாதம் அவன் வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, தொடவில்லை. அக்டோபரிலிருந்தே தண்ணீர் இளைத்துவிட்டதாம். இப்போது நடுப்பகலில் ஒரு மணி நேரம் நூலாக வருகிறதாம், மற்ற நேரமெல்லாம் மோட்டார் முனகுவதோடு சரி. மோட்டாரைக் கழற்றிப் பார்த்தாயிற்று, ஒயரைப் பார்த்தாயிற்று, பலகையைத் தினமும் தகிய்யா ஈரத்துணியால் துடைத்தும் பார்த்துவிட்டாள். கன்றுகள் இலை சுருட்ட ஆரம்பித்துவிட்டன.

"நீங்க ஏமாத்திட்டீங்கன்னு சொல்லலை காயித் அண்ணே. நீலத்துக்கு அவ்வளவுதான் தெம்பு. குளிர்காலம் தாங்கலை. பன்னிரண்டு கறுப்பு எனக்குன்னு எடுத்து வைங்க. ரெண்டு வருஷத்துல வந்து வாங்கிக்கறேன்."

ரெண்டு வருஷம் என்றால் மறுபடி தபூக்குக்குத்தான். பழைய பண்ணைக்காரரிடமே பேசிவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை எல்லைக்கு வண்டி. பாதி கறுப்பு வாங்கி நீலத்தோடு சேர்த்து மாட்டலாமா என்று ஏற்கெனவே விசாரித்தும் இருக்கிறான். ஒரே ஏரில் காளையையும் கழுதையையும் பூட்டினால் கழுதை வேகத்துக்குத்தான் உழவு நடக்கும், ஒரே சரத்தில் மாட்டினால் அதுவும் அப்படித்தான் என்று யாரோ சரியாகவே சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, என் கடை ஆள்தான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. நீலம் குளிர்காலத்தில் செத்துப்போகும் என்று எந்த மடையன் சொன்னான்? குளிர் பலகைக்கு நல்லதல்லவா. அதே சமயம் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். கறுப்பு கேட்டவன் தலையில் நீலத்தைக் கட்டினேனே, எங்கேயாவது மட்டச் சரக்கு கலந்துவிட்டதோ. சனிக்கிழமை காலை, ஒரு கறுப்புப் பலகையையும் ஒரு கண்ணாடிப் பலகையையும் கம்பளியில் சுற்றி வண்டியில் போட்டுக்கொண்டு நானே ராஹித்துக்குக் கிளம்பினேன். மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து அளந்து காட்டிவிடுவது என்று முடிவு. கடையை விட்டு இறங்காதவன் நான், என் ஆள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

அந்த ஊர்ப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன், சொன்னால் இடுப்பு வலிக்கும். போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. மலைச்சரிவில் கல்வீடு. வீட்டுக்கு மேலே இருக்கும் வயலிலிருந்து நேரே மொட்டைமாடியில் கால் வைக்கலாம். அந்த மேல் வயலில்தான் பலகைகள் நின்றன. வாசலில் நுழைகிற இடத்தில் ஒரு பழுப்புப் பயணப்பை, மூட்டை கட்டித் தயாராக. எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது, யாரும் நகர்த்தவில்லை. முக்பிலின் பத்து வயது மகள் ஹனா அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள், அவள் அப்பாவை மாமா என்று கூப்பிட்ட காலம் உண்டு. முக்பிலின் ஷூ ஒன்றை இரண்டு நாளாகக் காணவில்லையாம். நாய் தூக்கிப் போயிருக்கும் என்று முக்பில் சொன்னபோது ஹனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தகிய்யா அப்போதுதான் கழுதையோடு கீழ் ஊற்றிலிருந்து ஏறி வந்தாள். நான்கு மஞ்சள் கேன். காலையில் அது மூன்றாவது நடை. கன்றுகளைக் காட்டக் கூட்டிப்போனாள். ஒவ்வொன்றின் காலடியிலும் கல் வளையம், அதற்குள் காய்ந்த புல், ஈரம் போகாமல் இருக்க. ஒரு கன்றுக்கு ஒரு குவளைத் தண்ணீர், பிள்ளைக்குப் பால் ஊற்றுகிற மாதிரி சாய்த்து ஊற்றினாள். எத்தனை போயிற்று என்று கேட்டேன். ஒன்பது என்றாள். ஒன்பதும் எந்தெந்த இடம் என்று கைகாட்டினாள். கை கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"பேரு முக்பில். எதிர்ல வர்றவன்னு அர்த்தம். எங்க வீட்டுல இவர் வந்ததைவிடப் போனதுதான் ஜாஸ்தி" என்றாள். முக்பிலும் சிரித்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

இஞ்சி தட்டிப்போட்ட காப்பித்தோல் கஷாயம் ஒரு குவளை குடித்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். வரிசையிலிருந்து ஒரு நீலத்தைக் கழற்றினோம். கழற்றும் முன் அளந்தேன்: நான்கு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் ஒன்பது என்று இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது. அதே இடத்தில் கறுப்பை வைத்தோம். நான்கு, மயிரிழை கூடுதல். திருப்பித் திருப்பி வைத்தேன், அதேதான். கண்ணாடிப் பலகையின் கணக்கு வேறு, அதில் ஓட்டம் குறைவு, அழுத்தம் கூடுதல். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதுவும் தன் சீட்டில் போட்டதில் பாதியை எட்டவில்லை. வெயில் என்னவோ மூன்றின் மேலும் பட்டுக்கொண்டுதான் இருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் நான் ஜெயித்துவிட்டேன். நீலம் கெட்டதில்லை, கறுப்பு வைத்தாலும் இதே கதிதான். ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நீலம் என்றால் கறுப்பு வாங்கித் தீர்க்கலாம், அதற்கு இரண்டு வருடம் போய்ச் சம்பாதிக்கலாம். எதை வைத்தாலும் ஓடாது என்றால் முக்பில் எதற்காகத் திரும்ப வந்தான் என்றாகிவிடும். அவனும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். சம்மட்டியால் அடித்த மாதிரி கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று. பலகைகளுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்தான். சட்டத்தின் கால் வரிசைக்கு நேராகப் பாயைப் போட்டு, கிப்லா பிசகவே பிசகாது அண்ணே, மக்காவுக்கு நேராக நூல் பிடித்து நட்டிருக்கிறேன் என்றான். நன்றாக நட்டிருக்கிறாய் என்று நானும் பாராட்டினேன். என் இடப்பக்கம் பதினொரு நீலமும் ஒரு கறுப்பும் எங்களோடு மக்காவைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. அந்தக் காட்சியில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இருபது வருடத் தொழில் எனக்கு.

சாப்பாடு மாடியிலேயே. கல்சட்டியில் வெந்தய நுரை பொங்கக் கொதிக்கும் ஸல்தாக் குழம்பும், தக்காளியும் பச்சைமிளகாயும் அரைத்த துவையலும். கழற்றிய நீலப் பலகையை ஆடு மிதித்துவிடும் என்று தகிய்யா தூக்கிவந்து மாடிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அதற்கு முன்னால் காப்பிப் பழம் சிவப்பும் கறுப்புமாகக் காய்ந்துகொண்டிருந்தது. கை கழுவிவிட்டு, அதைத் திரும்ப மாட்டுவதற்கு முன் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று சும்மா மீட்டரை வைத்தேன்.

எட்டரை.

மீட்டரைத் தட்டினேன். மறுபடி வைத்தேன். எட்டரை. முக்பிலைக் கூப்பிட்டேன். அவன் பார்த்துவிட்டு, மீட்டர் கெட்டுவிட்டது என்றான். மேல் வயலுக்கு ஓடிப்போய்க் கறுப்பை அளந்தேன், நான்கு. திரும்பி வந்து நீலத்தை அளந்தேன், எட்டரை. காலையில் சாகக் கிடந்தது அதே பலகை. இரண்டு ஆண்பிள்ளைகளும் பேயறைந்த மாதிரி நின்றோம்.

"அது வெயிலைப் பார்த்து இருக்கு. அவ்வளவுதானே" என்றாள் தகிய்யா, தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

அப்போதுதான் நான் நிமிர்ந்து சூரியனைப் பார்த்தேன். பிறகு மேல் வயலைப் பார்த்தேன். சூரியன் தெற்கே சாய்ந்து நின்றது. பலகைகள் வடக்கே பார்த்து நின்றன. எனக்கு உச்சந்தலையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது.

ஏன் அந்தப் பக்கம் வைத்தாய் என்று முக்பிலைக் கேட்டேன். கேள்வியே அவனுக்கு விளங்கவில்லை.

"கிப்லாவைப் பார்த்துத்தானே வைக்கணும்? தபூக்ல மேஸ்திரி முதல் நாளே சொன்னாரு. கிப்லாவைப் பார்த்து வை, முப்பது டிகிரி சாய்ச்சு வை, வேற எதையும் யோசிக்காதேன்னு. நாப்பது கிணத்துக்கும் அப்படித்தான் வெச்சேன். ஒண்ணுகூடப் பழுது சொன்னதில்லை."

காப்பிப் பழத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுத் தரையில் விரலால் வரைந்து காட்டினேன். நடுவில் மக்காவுக்கு ஒரு பழம் வைத்தேன். தபூக்குக்கு ஒன்று, மேலே, வடக்கில். எங்களுக்கு ஒன்று, கீழே, தெற்கில். தபூக்கிலிருந்து மக்காவைப் பார்த்தால் தெற்குப் பக்கம், அது சூரியனின் பக்கம். இங்கிருந்து மக்காவைப் பார்த்தால் வடக்குப் பக்கம். மேஸ்திரி சொன்னது அங்கே நூற்றுக்கு நூறு சரி. கோடையில் எங்கள் ஊர்ச் சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே சரியும், அதனால் நாலைந்து மாதம் இங்கேயும் சரியாகவே இருந்துவிட்டது. ஊரில் மற்ற வீடுகளில் விளக்குக்கு ஒரு சின்னப் பலகையை மாடியில் படுக்கப் போட்டிருப்பார்கள், அதற்குத் திசை ஏது. ஆக, யாருக்கும் தெரியவில்லை.

முக்பில் அந்த மூன்று பழத்தையும் வெகுநேரம் பார்த்தான். தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் யோக்கியன் இல்லை. நிறம் கேட்கிறவனைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிற நான், காலையிலிருந்து நிறத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவன் துண்டை இறக்கிவிட்டு மனைவியைப் பார்த்தான். குளிர்காலம் வந்ததும் காயும் பழத்தை வெயில் விழும் இந்தப் பக்கம் மாற்றிப் போட்டாயே, பலகை தப்பாக நிற்கிறது என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டான்.

"தெரியும். காலையிலயும் சாயங்காலமும் வெயில் அதோட முதுகுலதான் விழுது. ரெண்டு மாசமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஏன் சொல்லலை?"

தகிய்யா தட்டைக் கீழே வைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், வெளியாள் இருக்கிறானே என்று. நான் மீட்டர் ஒயரைச் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"நேர்ச்சைன்னு நெனச்சேன் ஹனா அப்பா. பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க. வந்த மறுவாரமே பாய் விரிக்கிற மாதிரி அளந்து அளந்து கிப்லாவைப் பார்த்து நட்டீங்க. இனிமே இந்த வீட்டை விட்டுப் போறதில்லைன்னு அல்லாஹ்கிட்ட ஏதோ சொல்லித்தான் நடுறீங்கன்னு நெனச்சேன். தண்ணி வரலைன்னு அதைத் திருப்பச் சொன்னா, அந்தச் சொல்லும் முறிஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சு. தண்ணிதானே, கழுதை இருக்கு, நான் இருக்கேன், சுமந்துக்கலாம்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப்போய்விட்டாள். முக்பில் படிக்கட்டைப் பார்த்தான். அப்புறம் ஸ்பானரைத் தேடினான்.

பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டோம். ஒருவர், கிப்லாவுக்கு முதுகு காட்டித் திருப்பி வைப்பது பாவமில்லையா என்று தயங்கினார். கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தகிய்யா அங்கிருந்தே பதில் சொன்னாள்: "பலகையா தொழப்போகுது? தொழுறது நாமதானே." அவர் சிரித்துக்கொண்டு சட்டத்தைப் பிடித்தார்.

முன்கால் குட்டை, பின்கால் நெட்டை. பலகைகளைக் கழற்றி, நெட்டைக் கால்களை அந்தப் பக்கமும் குட்டைக் கால்களை இந்தப் பக்கமும் மாற்றி, திரும்ப ஒவ்வொன்றாகப் பூட்டினோம். பன்னிரண்டும் நீலம்தான், என் கறுப்பு வண்டிக்குத் திரும்பிவிட்டது. கண்ணாடிப் பலகை நான் நினைத்த மாதிரியே ஒரு மூலை தெறித்துக் கிடந்தது. கடைசி போல்ட்டை முக்பில் முறுக்கும்போது இரண்டு மணி தாண்டிவிட்டது. இதுவரை வீட்டுக்கு முதுகு காட்டி நின்ற பலகைகள் இப்போது நேரே வீட்டு மாடியைப் பார்த்தன.

முக்பில் சுவிட்சைப் போட்டான். மோட்டார் முனகவில்லை, பிடித்து இழுத்தது. குழாய் வெறும் காற்றாக நாலு தரம் இருமியது. பிறகு செம்மண் கலந்து ஒரு கொப்பளிப்பு, பிறகு தெளிந்த தண்ணீர், கை கனத்துக்கு. வாய்க்காலில் அது ஓடி முதல் கன்றின் கல் வளையத்தை எட்டும் வரை நாங்கள் ஐந்து பேரும் கூடவே நடந்தோம். தகிய்யா குனிந்து தண்ணீரில் கையை வைத்துக்கொண்டாள், உரிந்த கைக்கு இதமாக இருந்திருக்கும். முக்பில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கை அருகே தன் கையை வைத்துக்கொண்டான். மேலே கழுதையின் கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள், அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது.

நான் புறப்படும்போது காணாமல்போன ஷூ எங்கிருந்தோ வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தது. நாய் கொண்டுவந்து போட்டிருக்கும் என்று ஹனாவிடம் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டினாள்.

இரண்டு படி காப்பித்தோல் கொண்டுபோங்கள் என்று தகிய்யா சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ராஹித் தோல் அப்படி ஒரு மணம். எதில் கட்டுவது என்று முக்பில் சாக்கு தேடப்போனான். அவள் காத்திருக்கவில்லை. வாசலில் கிடந்த பழுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த இரண்டு சட்டை, ஒரு கம்பளி, முகச்சவரப் பெட்டி எல்லாவற்றையும் எடுத்துத் திட்டின் மேல் அடுக்கினாள். பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். அதில் தோலைக் கொட்டி, ஜிப்பை இழுத்து, என் கையில் கொடுத்தாள். சாக்கோடு வந்த முக்பில் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"பையைத் திருப்பித் தரவேண்டாம் அண்ணே" என்றாள்.

தோல் தீர்ந்து இரண்டு மாதமாகிறது. பை என் கடையில் மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. முக்பில் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறான், அவன் தலைக்கு மேலேதான் அது ஆடிக்கொண்டிருக்கும். ஒருநாளும் அவன் அதைக் கேட்டதில்லை.